செட்டிநாட்டு வீட்டில் கல்யாணம்: பூ அலங்காரத்தை எங்கே வைப்பது, எங்கே விடுவது

முதலில் நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம். மண்டபம் பார்க்காமல், காரைக்குடிப் பக்கம் தாத்தா காலத்து வீட்டிலேயே வைத்திருக்கிறீர்கள். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம், சுமார் 400 பேர். சென்னையிலிருந்து வந்த டெக்கரேஷன்காரர், முகப்பில் ரோஜாச் சுவர், வளவு எனும் நடுமுற்றத்துத் தூண் எல்லாவற்றுக்கும் செண்டுமல்லிச் சுற்று, மேலே நெருக்கமான பூக்கூரை என்று ஒரு படம் காட்டியிருக்கிறார். படம் பிரமாதமாக இருந்தும் உங்களுக்கு மனசு ஒப்பவில்லை. என்ன மாற்றச் சொல்வது என்பதுதான் கேள்வி.

உங்கள் மனசு சொல்வது சரி. அந்தப் படம் ஹோட்டல் ஹாலுக்காக யோசித்தது. ஹால் என்றால் நாலு வெற்றுச் சுவரும் ஒரு ஃபால்ஸ் சீலிங்கும்தான். அங்கே பூவைக் கொண்டுதான் ஒரு இடத்தையே உண்டாக்க வேண்டும். உங்கள் வீட்டிலோ பர்மா தேக்குத் தூண், ஆத்தங்குடி ஊர்க் கல் பதித்த தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர், நிலைக்கு (வாசல் மரச்சட்டத்துக்கு) மேலே செதுக்கிய கஜலட்சுமி என்று எல்லாம் இருக்கிறது. அலங்காரம் முடிந்து நூறு வருஷம் ஆகப் போகிற வீடு அது. அதன் மேல் பூவைப் போர்த்தினால் இரண்டும் கெடும். ஆகவே டெக்கரேஷன்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி "என்ன பூ?" அல்ல. "இந்த வீட்டில் எங்கே காலியாக இருக்கிறது?" என்பதுதான். காலியான இடத்துக்குப் பூ, வேலைப்பாடு உள்ள இடத்துக்கு வெறுமை. நான் கீழே சொல்வதெல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

இதற்கு வீட்டை ஒரு தடவை டேப்போடு நடந்து பார்க்க வேண்டும். காலை 7 மணிக்கு ஒரு முறை, மாலை விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒரு முறை. முகூர்த்தமும் வரவேற்பும் நடக்கப்போகிற நேரம் அவைதான். தூணுக்கும் தூணுக்கும் நடுவே எத்தனை அடி, உத்திரத்தின் அடிப்பக்கம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், நிலை எவ்வளவு குனிய வைக்கிறது, வளவில் வெயில் எந்தப் பக்கம் எத்தனை மணிக்கு விழுகிறது, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தாள் இல்லாமல் எவ்வளவு அழகான படம் காட்டினாலும் அது வேறு யாரோ ஒருவர் வீட்டுப் படம்தான்.

சரி, வீட்டுக்குள் வருவோம். செட்டிநாட்டு வீட்டின் பெரிய சொத்து அதன் நேர்கோடு. தெரு வாசலில் நின்றால் முகப்பு, நிலை, வளவு, அடுத்தடுத்த பகுதிகளான இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என்று வாசலுக்குப் பின் வாசலாகக் கண் பின்கட்டு வரை ஓடும். வெளிச்சமும் நிழலும் மாறி மாறி விழுவதால் வீடு இன்னும் நீளமாகத் தெரியும். விருந்தாளிக்கு வீடு தரும் முதல் மரியாதை அந்தப் பார்வைதான். அதை மறைக்கிற எதையும் வைக்க விடாதீர்கள். நடுவழியில் பூ வளைவு, செல்ஃபி ஃபிரேம், பெயர் எழுதிய போர்டு, எதுவும் வேண்டாம். நான் வைத்துக்கொள்ளும் அளவு இது: நேர்கோட்டில் முழங்காலுக்குக் கீழே வைக்கலாம், ஏழரை அடிக்கு மேலே தொங்கவிடலாம், இரண்டுக்கும் நடுவே காற்று மட்டும். சீர்த்தட்டும் பாத்திரமும் தூக்கிக்கொண்டு ஆட்கள் போய் வருகிற வீட்டில் இது நடைமுறைக்கும் நல்லது.

அந்தக் கோட்டின் கடைசியில் ஒன்றே ஒன்று வையுங்கள். பின்கட்டு வாசலைத் திறந்து வைத்து, அதன் நடுவில் தரையோடு ஒரு பெரிய பித்தளை அண்டா. அதில் நிறைய மரிக்கொழுந்தும் வெள்ளைச் சம்பங்கித் தண்டும். அண்டாவுக்குப் பின்னால் திறந்த வெளியின் வெளிச்சம் விழும். தெரு வாசலிலிருந்து பார்த்தால் சின்ன வெள்ளைப் புள்ளியாகத்தான் தெரியும். ஆனால் கண் அங்கே போய்த் தங்கும், வழியில் உள்ள ஒவ்வொரு கட்டையும் பார்த்துக்கொண்டே போகும். செலவு கொஞ்சம்தான். முகப்பில் கேட்டிருக்கும் ரோஜாச் சுவரைவிட இதற்கு வேலை அதிகம்.

அடுத்தது தூண்கள். எல்லாரும் முதலில் சுற்ற நினைப்பது இதைத்தான். தூண் அழகாக இருப்பதற்குக் காரணம் அதன் வழவழப்பும், மேலே போகப் போகக் கொஞ்சம் மெலிவதும், உத்திரத்தைத் தாங்கும் தலைப்பகுதியான போதிகையில் வந்து விரிவதும். செண்டுமல்லிச் சரத்தைப் பாம்பு மாதிரி சுற்றினால் அந்த மூன்றும் போய்விடும். மிஞ்சுவது ஒரு மஞ்சள் உருளை. தேக்குத் தூணை அப்படியே விடுங்கள், எண்ணெய் போட்டுத் துடைத்தாலே போதும். பூவைத் தூணுக்கும் தூணுக்கும் இடையில் உள்ள இடைவெளியில், உத்திரத்துக்குக் கீழே, ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒரு தொங்கலாகப் போடுங்கள். இடைவெளி 6 அடி என்றால் தொங்கலின் நடுப்பகுதி ஓர் அடி, ஒன்றேகால் அடி இறங்கினால் நன்றாக இருக்கும். எல்லா இடைவெளியிலும் ஒரே இறக்கம் இருக்க வேண்டும். கட்டுகிறவர்கள் ஆளுக்கொரு விதமாகக் கட்டிவிட்டுப் போவார்கள், அதனால் ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு அளவுக்கயிறாகக் கையில் கொடுத்துவிடுங்கள். தூண் வரிசைக்கு ஒரு தாளம் இருக்கிறது. பூ அந்தத் தாளத்திலேயே போனால் வீடு இன்னும் பெரிதாகத் தெரியும்.

இப்போது வளவின் மேற்பகுதி. உங்கள் வீட்டில் உண்மையிலேயே காலியான பெரிய இடம் இதுதான், வானம் பார்த்த முற்றம். எனவே பணத்தையும் உழைப்பையும் இங்கே கொட்டலாம் என்பது என் கட்சி. ஆனால் பூக்கூரையாக அல்ல. வளவு என்பது வீட்டின் புகைபோக்கி. சுற்றியுள்ள தாழ்வாரங்களில், அதாவது பத்திகளில், சேரும் சூடு அதன் வழியாகத்தான் மேலே போகிறது. 400 பேர் உட்கார்ந்திருக்கும்போது அதை நெருக்கமான பூவலையாலோ படுதாவாலோ மூடினால் ஆவணி வெயிலில் உள்ளே இருக்கவே முடியாது. திறப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மறைக்காதீர்கள்.

வடிவத்தை வீடே சொல்கிறது. நாலு பக்கமும் ஓட்டுக்கூரை உள்நோக்கிச் சரிந்து, மழைத்தண்ணீர் வளவுக்குள் விழும்படிதான் கட்டியிருக்கிறார்கள். அந்தச் சரிவை நிறுத்தாமல் பூவால் தொடருங்கள். கூரை விளிம்புக்குக் கொஞ்சம் கீழே, எதிரெதிர்த் தூண்களுக்கு நடுவே, குறுக்காக ஏழெட்டு மெல்லிய கம்பிக் கோடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு சாண் இடைவெளிவிட்டுச் சரங்கள் நேராகக் கீழே தொங்கட்டும். ஓரத்தில் குட்டையாகவும் நடுவுக்கு வர வர நீளமாகவும் இருக்கட்டும். கீழிருந்து பார்த்தால் கூரையின் சரிவு வெளிப்பக்கத்திலிருந்து இறங்கி வந்து வளவின் நடுவில் முடிவது போல இருக்கும். சரங்களுக்கு நடுவே வானம் தெரியும், காற்று போகும், சாயங்காலக் காற்றில் அசையவும் செய்யும். நேர் கீழே, கருங்கல் பாவிய இடத்தில், ஒரு பெரிய உருளியில் தண்ணீரும் தாமரையும்.

இங்கே ஒரு கணக்கை உங்கள் டெக்கரேஷன்காரரிடம் கண்டிப்பாகக் காட்டுங்கள், ஏனென்றால் பலர் இதில் கவனமாக இருப்பதில்லை. கம்பியை விறைப்பாக இழுத்துக் கட்டினால்தான் நேராக இருக்கும் என்று நினைப்பார்கள். எதிரெதிர்த் தூண்களுக்கு நடுவே 8 மீட்டர், ஒரு கம்பியில் தொங்கும் பூவின் மொத்த எடை 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எடை சீராகப் பரவியிருந்தால், தூணைப் பக்கவாட்டில் இழுக்கும் விசை என்பது எடையை நீளத்தால் பெருக்கி, தொய்வின் (இதுவும் மீட்டரில்) எட்டு மடங்கால் வகுத்தால் வருவது. தொய்வு 80 செ.மீ. என்றால் இழுப்பு 25 கிலோ. 40 செ.மீ. என்றால் 50 கிலோ. 20 செ.மீ.க்கு விறைத்தால் 100 கிலோ. பூ அதே பூ, எடை அதே எடை, விறைப்பு கூடியதற்கே நாலு மடங்கு இழுப்பு. ஏழெட்டுக் கம்பிக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள். பழைய வீட்டுத் தூண் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கத்தான் நிறுத்தியது. கல் பீடத்தின் மேல் நிற்கிற மரம் அது, பக்கவாட்டு இழுப்புக்காக யாரும் அதை யோசிக்கவில்லை. ஆகவே தொய்வு தாராளமாக இருக்கட்டும். நமக்கு வேண்டிய சரிவும் தொய்விலிருந்தே கிடைத்துவிடும்.

இன்னும் பத்திரமாக வேண்டுமென்றால் வளவின் நாலு மூலையிலும் தனியாக நிற்கும் இரும்புச் சட்டம் போட்டு, அடியில் மணல் மூட்டை பாரம் வைத்து, தூணைத் தொடாமலே தொங்கவிடலாம். பெரிய வளவுக்கு நான் இதைத்தான் சொல்வேன். சட்டம் தெரியக்கூடாது என்றால் அதைத் தூண் வரிசைக்கு நேராக நிறுத்திக் கரும்பழுப்பு வண்ணம் அடித்துவிட்டால் போதும், கண் அதைத் தேடாது. பூவின் எடையைக் குத்துமதிப்பாகப் போடாதீர்கள். எந்தப் பூவோ அதில் ஒரு மீட்டர் சரம் கட்டி, தண்ணீர் தெளித்து, தராசில் வைத்துப் பார்த்துவிட்டு மொத்த நீளத்தால் பெருக்குங்கள். ஈரப் பூவின் எடை நம்மை ஏமாற்றும். ஏணியை ஓட்டு விளிம்பில் சாய்க்கவும் விடாதீர்கள். பழைய ஓடு ஒன்று உடைந்தால் அதே அளவில் இன்னொன்று தேடுவது பெரிய பாடு.

எதைக் கட்டுகிறோம் என்பதைவிட எப்படிக் கட்டுகிறோம் என்பதில்தான் பழைய வீடுகள் அடிபடுகின்றன. தேக்கில் ஆணி, ஸ்டேப்ளர் பின் ஒன்றுகூடக் கூடாது. போதிகைக்குக் கீழே பழைய வேட்டித் துணியை நாலைந்து சுற்று சுற்றி, அதன் மேல் கயிற்றைக் கட்டினால் மரத்தில் தடம் விழாது, கயிறும் வழுக்காது. சுண்ணாம்புச் சுவரில் டேப் ஒட்டவே வேண்டாம், உரிக்கும்போது மேல் மெருகும் சேர்ந்து வந்துவிடும். அந்த மெருகை இன்று அப்படியே திரும்பக் கொண்டுவர ஆள் கிடைப்பது கஷ்டம். செண்டுமல்லிச் சாறும் வெள்ளைச் சுவரில் மஞ்சளாக இறங்கும். ஈரச் சரம் சுவரை உரசாமல் ஒரு சாண் தள்ளியே தொங்கட்டும். லில்லி வைத்தால் மகரந்தப் பையை முதலிலேயே கிள்ளி எறிய வேண்டும், பட்டுப்புடவையிலும் அது போகாது.

தரைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது அல்ல. கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சாந்தை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்து எடுத்தது. அதனால் கறையை உறிஞ்சும். புளிப்பான எதுவும் அதன் மெருகைத் தின்னும். இரும்பு ஸ்டாண்டின் கால் ஈரத்தோடு ஒரு ராத்திரி நின்றால் துரு வளையம் பதிந்துவிடும். ஒவ்வொரு காலுக்கும் அடியில் ரப்பர் துண்டு, அதற்கும் கீழே பிளாஸ்டிக் ஷீட். சாயம் ஏற்றிய நீல ஆர்க்கிட், ஸ்பிரே அடித்த இலை, இவை வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது. பூக்கோலத்தையும் இந்தத் தரையில் போடாதீர்கள். கறைக்காக மட்டும் சொல்லவில்லை. தரையிலேயே கோலம் இருக்கிறது, அதன் மேல் இன்னொரு கோலம் போட்டால் இரண்டுமே புரியாது. பூக்கோலம் வளவின் கருங்கல்லில் போடலாம். நடுவீட்டுக் கோலம் எங்கே, எப்படி என்பது வீட்டு ஆச்சிமார் முடிவு. அதன் பக்கத்தில் பூவே வேண்டாம், அந்த வெள்ளைக் கோடு தனியாக இருப்பதுதான் அழகு.

நிறத்துக்கு வருகிறேன். நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லாரும் புடவைக்குப் பொருத்தம் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது பின்னால் உள்ள மரத்தையும் சுவரையும். பத்திகள் இருட்டானவை, தேக்கு கறுத்தது. அங்கே அடர்சிவப்பு ரோஜாவும் வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் வைத்தால், பகலில் ஓரளவு தெரியும், மாலை வரவேற்பில் கறுப்பாகிவிடும். இருட்டான பின்னணிக்கு வெள்ளையும் வெளிர் மஞ்சளும், வெள்ளைச் சுவருக்கு முன்னால் சிவப்பும் ஊதாவும். அவ்வளவுதான் விதி. விளக்கும் வெதுவெதுப்பான மஞ்சளாக, நிற வெப்ப அளவில் 2700 முதல் 3000 கெல்வினுக்குள் இருக்கட்டும். வெள்ளைக் குழல்விளக்கு வெளிச்சத்தில் தேக்கு சாம்பல் பூத்தது போல ஆகிவிடும். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் வேறு வேறு பூ வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். 20 அடி உயரத்தில் மல்லிகையும் சம்பங்கியும் ஒன்றுதான், வெறும் வெண்மை. எனவே உயரத்தில் விலை குறைந்தது, கண்மட்டத்தில் நுணுக்கமானது.

நுணுக்கத்துக்கு உங்கள் வீட்டில் ஒரே இடம் நிலை. விருந்தாளி குனிந்து நிதானமாகக் கடக்கும் இடம். கஜலட்சுமி செதுக்கலை மறைக்காமல், அதற்குக் கீழே ஒரு மாவிலைத் தோரணம், இரண்டு பக்கமும் நிலையின் அகலத்தைத் தாண்டாத ஒற்றை மாலை. அந்த மாலைக்குத் கன்னியாகுமரி மாவட்டத்துத் தோவாளை மாணிக்கமாலையைச் சிபாரிசு செய்வேன். அரளிப் பூவையும் பச்சை இலையையும் மடித்து மடித்து, கல் பதித்த நகை போலத் தட்டையாகக் கட்டுகிற வேலை அது. 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தட்டையாக இருப்பதால் மரச்செதுக்கலுக்குப் பக்கத்தில் வைத்தால் இன்னொரு செதுக்கல் மாதிரியே பொருந்தும். பந்து பந்தாகப் புடைத்த ரோஜாக்கொத்து அங்கே ஒட்டாது.

முகப்பில் ரோஜாச் சுவர் வேண்டாம் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை. முகப்பு வீட்டின் முகம். அதை மூடிவிட்டு எந்த வீட்டுக் கல்யாணம் என்று காட்டுவது? அதற்குப் பதிலாக வாசலுக்கும் தெருவுக்கும் இடையில் உள்ள வெற்று இடத்தில் கீற்றுப்பந்தல் போடுங்கள். குருத்தோலைத் தோரணம், குலை தள்ளிய வாழை, பாக்குக்குலை, ஈச்சங்குலை, நுங்குக்குலை. வாழையை வாசல் தூணை மறைத்துக் கட்டாமல், தூணுக்கு ஓரடி வெளியே, அதே நேர்கோட்டில் நிறுத்துங்கள். தூணின் எண்ணிக்கை இரண்டு கூடியது போல இருக்கும்.

இதே யோசனையை உலகமே பார்த்த ஒரு கல்யாணத்தில் செய்தார்கள். 2011 ஏப்ரல் 29 அன்று லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நடந்த இளவரசர் வில்லியம் திருமணத்துக்குப் பூ அலங்காரம் ஷேன் கானலி. அந்தத் தேவாலயத்தின் நடுக்கூடம் 100 அடிக்கு மேல் உயரம். எவ்வளவு பூ கொட்டினாலும் அங்கே காணாமல் போகும். அவர் தூண்களைச் சுற்றவில்லை. 20 அடி உயர மரங்களையே, ஆறு மேப்பிளும் இரண்டு ஹார்ன்பீமும், தொட்டியோடு கொண்டுவந்து நடைபாதையின் இரு பக்கமும் நிறுத்தினார். கல்தூண் வரிசைக்கு முன்னால் மனிதர் உயரத்துக்குக் கொஞ்சம் நெருக்கமான இன்னொரு தூண் வரிசை, இலையோடு. நம் ஊரில் வாசலில் வாழை கட்டுகிறவர் தலைமுறை தலைமுறையாகச் செய்வதும் இந்த வேலைதான், படம் போட்டுக் காட்டுவதில்லை, அவ்வளவே.

பூ எது என்பதில் வெயில்தான் எஜமான். இணையப் படங்களில் வரும் வெள்ளை ஹைட்ரேஞ்சியா நம் பக்கத்து வெயிலில் சில மணி நேரத்தில் துவண்டுவிடும். ஜெர்பராவுக்குக் கழுத்து நிற்காது. தண்ணீர் இல்லாமல் சரத்தில் தாக்குப்பிடிப்பவை செண்டுமல்லி, சாமந்தி, அரளி, வாடாமல்லி, கோழிக்கொண்டை. டெண்ட்ரோபியம் ஆர்க்கிட்டும் ஆந்தூரியமும் தாங்கும், ஆனால் தேக்குக்கும் ஆத்தங்குடிக்கும் நடுவே அவை விமான நிலையத்திலிருந்து நேராக வந்த மாதிரி இருக்கும் என்பது என் சொந்த அபிப்பிராயம். ரோஜா வேண்டுமென்றால் ஓசூர் ரோஜா. வந்தவுடன் தண்டை அரை அங்குலம் சாய்த்து நறுக்கி, நாலைந்து மணி நேரம் தண்ணீரில் நிறுத்தி, பிறகுதான் வேலைக்கு எடுக்க வேண்டும். அதற்குக் குளிர்சாதனம் தேவையில்லை, உங்கள் வீட்டுப் பின்கட்டில் கனத்த சுவருள்ள அறை ஒன்றைக் காலி செய்து கொடுத்தால் போதும்.

மல்லிகையின் நேரம் தனி. விடிவதற்கு முன் மொட்டாகப் பறித்தது அன்று மாலை மலரும். முதல் நாள் வரவேற்புக்கு அன்று காலை மொட்டு சரியாக இருக்கும், விருந்தாளிகள் வந்து உட்காரும் நேரத்தில் வளவு முழுக்க வாசனை வரும். ஆனால் மறுநாள் முகூர்த்தத்தின்போது அது மலர்ந்து களைத்துப்போயிருக்கும், பத்து மணிக்குள் ஓரம் பழுக்கும். ஆகவே தொங்கு சரங்களின் உடம்பை அரளி மொட்டிலும் சம்பங்கியிலும் கட்டி, கடைசி ஒரு முழத்தை மட்டும் மல்லிகையாக, தனி முடிச்சில் வைக்கச் சொல்லுங்கள். இரவு பழையதைக் கழற்றிவிட்டு விடியற்காலை வந்த மொட்டை முடிச்சுப் போட்டால் வேலை முடிந்தது. இரண்டு நாளும் புதுசாகத் தெரியும், செலவு முழுச் சரத்துக்கும் ஆகாது. தாமரைக்கும் இதே கவனம் வேண்டும். இதழ் மடித்த தாமரை பார்க்க அழகு, மடித்த இடம் சீக்கிரம் கறுக்கும். உருளிக்கு வைக்கும் முன் கடைசி அரை மணியில் மடியுங்கள்.

பச்சை ஸ்பாஞ்ச் கட்டி, டெக்கரேஷன்காரர்கள் ஒயாசிஸ் என்று சொல்வது, அதைப் பற்றி ஒரு வார்த்தை. அது பிளாஸ்டிக் நுரை, மக்காது, பொடிந்து தண்ணீரில் கலக்கும். ஒரு கல்யாணம் முடிந்து பார்த்தால் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். சாமி சப்பரத்தைப் பூவால் அலங்கரிக்கும் நம் பக்கத்துச் சோடனைக்காரர்கள் அது வருவதற்கு முன்பிருந்தே வாழைத்தண்டில் ஈர்க்கால் பூவைக் குத்தி ராத்திரி முழுக்க வீதியுலா கொண்டுபோகிறார்கள். தண்டு தன் ஈரத்தைத் தானே பூவுக்குக் கொடுக்கும். உங்கள் டெக்கரேஷன்காரரோடு ஒரு சோடனைக்காரரையும் சேர்த்துவிடுங்கள். ஒரே எச்சரிக்கை, வாழைப்பால் கறை. தண்டை ஒரு நாள் முன்னாலேயே நறுக்கிச் சாய்த்து வைத்து, பால் வடிந்த பிறகு வெட்டுமுகத்தைத் துணியால் ஒற்றிவிட்டுத்தான் உள்ளே கொண்டுவர வேண்டும்.

பாத்திரம் வாடகைக்கு எடுக்காதீர்கள். மேல்மாடி அறைகளைத் திறந்தால் அண்டாவும் குடமும் உருளியும் எனாமல் வாளியும் உங்கள் வீட்டிலேயே இருக்கும். ஃபைபர் கண்ணாடி ஜாடியைவிட அவை ஆயிரம் மடங்கு பொருந்தும். பனையோலைக் கொட்டானில் உதிரிப்பூ நிறைத்துப் பத்தியில் வரிசையாக வைக்கலாம், ஆனால் தண்ணீர் படாமல்.

மணமேடை எங்கே என்பதை வீட்டுப் பெரியவர்கள் சொல்ல வேண்டும், டெக்கரேஷன்காரர் சொல்லக்கூடாது. இடம் முடிவானதும், பின்னால் போடுகிற பேக்டிராப்பை இரண்டு தூண்களுக்கு நடுவில், தூணைவிட உயரமில்லாமல் நிறுத்தச் சொல்லுங்கள். பின்னால் கதவு வேலைப்பாடு இருந்தால் பேக்டிராப்பே வேண்டாம். திருப்பூட்டுகிற, அதாவது தாலி கட்டுகிற, நேரத்தில் சுற்றிலும் ஐம்பது பேர் நின்று எட்டிப் பார்ப்பார்கள். பக்கவாட்டில் பூ ஸ்டாண்ட் வைத்தால் அது முதலில் கீழே விழும், இல்லையென்றால் ஆச்சி யாருக்காவது மறைக்கும். மேடைக்குப் பூ மேலிருந்து மட்டும் வரட்டும். குத்துவிளக்குக்கு நேர் மேலே எதுவும் தொங்கக் கூடாது, காய்ந்த ஓலை கிட்டவே கூடாது.

ஆவணியில் சாயங்கால இடிமழைக்கும் வாய்ப்பு உண்டு. வளவில் மழை விழத்தான் செய்யும், பூவுக்கு அதனால் பாதகமில்லை, எடைதான் கூடும். மேலே சொன்ன கணக்கில் பூவின் எடைக்கு இன்னும் பாதி சேர்த்துப் பாருங்கள். வளவுக்குள் ஓடும் மின்வயர்தான் ஆபத்து. விளக்குகளைப் பத்திக்குள் உத்திரத்தின் பின்பக்கம் வைத்து வெளிச்சத்தை மட்டும் வெளியே அனுப்புங்கள். வளவுத் தண்ணீர் போகும் தூம்பைப் பூ அடைக்காமல் ஒரு வலைத்துண்டும் போட்டுவிடுங்கள்.

பணம். முகூர்த்த நாளில் மதுரை மாட்டுத்தாவணி, நிலக்கோட்டைப் பூச்சந்தைகளில் மல்லிகை விலை காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று. கமிஷன் கடையில் பத்து நாள் முன்னால் அளவைச் சொல்லி முன்பணம் கொடுத்தால் சரக்காவது உறுதியாகும். டெக்கரேஷன்காரரிடம் மொத்தத் தொகையாகப் பேசாமல் சட்டம் கட்டும் கூலி, பூ, விளக்கு, கழற்றும் கூலி என்று பிரித்து எழுதி வாங்குங்கள். கழற்றும் கூலியைத் தனியாக எழுதாத இடத்தில் கழற்றுவது யார் பொறுப்பும் இல்லாமல் போகும், சாப்பாட்டுப் பந்தி முடிவதற்குள் ஆட்கள் வண்டி ஏறிவிடுவார்கள். ரோஜாச் சுவரையும் தூண் சுற்றையும் நிறுத்தினால் மிச்சமாகும் தொகையை வளவுச் சரங்களுக்கும் மாணிக்கமாலைக்கும் திருப்பிவிடுங்கள். பட்ஜெட் கூடாது என்றே நினைக்கிறேன்.

கழற்றும் வேலையை முகூர்த்தத்தன்று மாலையே ஆரம்பித்துவிட வேண்டும், மறுநாள் என்று தள்ளினால் ஈரச் சருகு தரையில் கறையாகிவிடும். மேலிருந்து சரத்தை அறுத்துக் கீழே போடாமல் இறக்கச் சொல்லுங்கள், கீழே பழைய போர்வை விரித்திருக்கட்டும். செண்டுமல்லியைத் தனியாகச் சேர்த்தால் தோட்டத்தில் மக்கவைக்கலாம். ஊருணியில் மட்டும் கொட்ட விடாதீர்கள். தரையை வெறும் தண்ணீரில் துடைத்துக் காயவிட்டு, தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு தடவை தேய்த்தால் போதும், ஆசிட் கலந்த கிளீனர் எதையும் வேலைக்காரர் கையில் கொடுக்காதீர்கள். தூண்களுக்கு இடையே உள்ள அளவும் வளவின் நீள அகலமும் எழுதி அனுப்பினால் எத்தனை கம்பி, எவ்வளவு சரம், எவ்வளவு தொய்வு என்று கணக்குப் போட்டுத் தருகிறேன்.